ஓடற வரைக்கும் ஓடட்டும்

“உள்ளே ஒண்ணுமே இல்ல மாமா. டிஸ்க் போயிடுச்சு” என்று சொல்லி, மைத்துனன் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். அவனே கையை விரித்துவிட்டால் அதற்குமேல் யாரிடம் போவது?

மேசைமேல் அந்தப் பழைய லேப்டாப், கறுத்த திரையில் ஒற்றை வரியோடு கிடந்தது. டிஸ்க் எதையும் காணவில்லை என்றது அந்த வரி. அவர் அதையே திரும்பத் திரும்பப் படித்தார்.

சலவை மெஷின், தையல் மெஷின், பல் தேய்க்கிற மெஷின் என்று எது வந்தாலும் அதன் கையேட்டை மொழிபெயர்ப்பது அவர் தொழில். அந்த லேப்டாப்தான் அவருக்கு ஆபீஸ். பாதியில் நிற்கும் காபி மெஷின் கையேட்டைத் திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும்.

“ஃபைல் எல்லாம் போச்சா?” என்றார்.

“அதான் போன வாரமே நச்சரிச்சு எல்லாத்தையும் வெளி டிஸ்க்குல காப்பி எடுக்க வச்சேனே” என்றாள் மனைவி. “மனசு தளராதீங்க. பேசாம புதுசு ஒண்ணு வாங்கிடலாம்.”

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பவர்களிடம்கூடப் பொறுமை இழக்காதவள். அந்தப் பொறுமை தீர்ந்துபோன ஒரே இடம் இந்த லேப்டாப்தான். அதன் விசிறி போடும் இரைச்சல் பக்கத்து வீடுவரை கேட்கும். திரை மங்கிப்போனதால் அவர் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து படிப்பார். அப்புறம் கழுத்துவலி என்பார். தைலம் தேய்ப்பது அவள்.

ஆனால் அவரிடம் புதுசு என்ற பேச்சையே எடுக்க முடியாது. பிறந்தநாளுக்கு அவள் ஆசையாக வாங்கித் தந்த போனை, “பழசு நல்லாத்தானே இருக்கு, ஓடற வரைக்கும் ஓடட்டும்” என்று கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

“இனி இது பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும் மாமா” என்றான் மைத்துனன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். வெளி டிஸ்க்கைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “ஏன் மாப்ள, இதுலேருந்தே லேப்டாப்பை ஓட வைக்க முடியாதா?”

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

“அதெல்லாம் சரிப்படாது மாமா. பழைய மெஷின், திணறும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினான்.

ஊரில் உள்ள மெஷினுக்கெல்லாம் வழி சொல்லி எழுதுகிறவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தார். கம்ப்யூட்டரை ஓட்ட இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருளை ஒரு பென் டிரைவில் இறக்கினார். அங்கேயே வெளி டிஸ்க்கில் காலியாகக் கிடந்த பாதியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தார். ஏற்றியும் லேப்டாப் கண் திறக்கவில்லை. உள்ளே தேடாமல் வெளியே தேடு என்று அதற்குச் சொல்ல, எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்று கண்டுபிடிப்பதிலேயே சனிக்கிழமை கரைந்தது.

“விட்டுடுங்களேன். எதுக்கு இந்த மல்லுக்கட்டு?” என்றாள் அவள், சாப்பாட்டுத் தட்டை மேசைக்கே கொண்டுவந்து.

“ஒரே ஒரு தடவை” என்றார். அதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் கடைசி மாணவியை இறக்கிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, வீட்டுக்குள் அந்த விசிறி இரைந்துகொண்டிருந்தது. கார் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லேப்டாப் மூடியின் முதுகில் வெளி டிஸ்க்கைச் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார். பக்கவாட்டில் ஒயர் வால்போலத் தொங்கியது. மங்கிய திரையில் காபி மெஷின் கையேடு திறந்திருந்தது.

“பார்த்தியா? போயிடுச்சுன்னு உன் தம்பி சொன்னான். எழுப்பி உட்கார வச்சுட்டேன்” என்றார். அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்து நாளாயிற்று. “ஒயரை மட்டும் அசைச்சிடாதே, படுத்துடும். மத்தபடி இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்ல.”

“பத்து வருஷமா?” என்றாள் மெதுவாக.

“உனக்குத்தான் நன்றி சொல்லணும். நீ மட்டும் அன்னிக்கு நச்சரிக்கலேன்னா இந்த டிஸ்க்கே என் கையில இருந்திருக்காது.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். சரியாக வரவில்லை. “முகம் கழுவிட்டு வரேன்” என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பீரோவைத் திறந்து போர்வைகளை நகர்த்தினாள். அடியில் பெரிய திரை வைத்த புது லேப்டாப், பெட்டி பிரிக்காமல் இருந்தது. இந்தத் தடவை, விற்ற பொருளைத் திரும்ப வாங்காத கடையாகப் பார்த்து வாங்கியிருந்தாள்.

தம்பிக்குப் போன் போட்டாள்.

“என்னக்கா, மாமா இறங்கி வந்துட்டாரா?”

கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நீ டிஸ்க்கை உருவுனது பத்தலடா. நாளைக்கு அவர் கையேட்டை அனுப்பினதும் வந்து மதர்போர்டையே உருவிடு.”