கடல் பார்க்க ஒரு வேன்

"மாமா, மணல் திரும்பி வந்துபோட்டுதுங்க!" போனில் கூவினாள் கனிஷ்கா. கடலரிப்பைத் தடுப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

கோபியில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மாமனார் சென்னிமலை துள்ளினார். "எப்படி அம்மணி?"

"கடலுக்குள்ள நீட்டியிருந்த கல்சுவரைப் பாதியாக் குறைச்சேனுங்க. ஒரு பக்கமே தேங்கின மணல் இந்தப் பக்கமும் வந்திருச்சு. இனி மீனவங்க ஊடு இடியாதுங்க!"

"வரப்பு நீளமா இருந்தாத்தான் மண்ணு நிக்கும்னு சொன்னனே, தோத்துப்போட்டேன்! லொகேஷன் அனுப்பு கண்ணு. உங்க அத்தை கடலே பார்த்ததில்ல, கூட்டிட்டு வாரேன்."

"மாமா, அது வந்து..."

போனை வைத்துவிட்டார்.

சொந்தபந்தம், புளிச்சோறு, துண்டுகளோடு வேன் கிளம்பியது. ஒரே பாட்டு, கும்மாளம்.

இரண்டு மணி நேரத்தில் வேன் நின்றது.

"கடல் இத்தனை பக்கமாங்க?" என்றபடி இறங்கினார் அத்தை செல்லாத்தாள்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். உள்ளே நீளமான தொட்டி, விரலுயர அலைகள், கரையில் தீப்பெட்டி வீடுகள், அவற்றின் முன்னால் புது மணல்.

"இதுல ஜெயிச்சாத்தானுங்க நிஜக் கடல்ல செய்வாங்க," கனிஷ்கா நெளிந்தாள்.

கூட்டம் சென்னிமலையை முறைத்தது. செல்லாத்தாளோ சேலையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் காலை நீட்டிவிட்டார்.

"அத்தை, காலை எடுங்க! மணலெல்லாம் ஒரே பக்கமாத் தேங்குது!"

சென்னிமலை கைதட்டிக் குதித்தார்.

"பார்த்தியா அம்மணி? நீளமா வரப்புப் போட்டா மண்ணு நிக்குது!"