தரை துடைக்கும் கேப்டன்

“கேப்டன், கொதிகலன் அறையை இன்னும் பெருக்கல. மேல என்ன வேலை உனக்கு?”

படிக்கட்டின் உச்சியில் அல்தோனா இடுப்பில் கை வைத்து நின்றாள். கௌனஸ் நகரத்துப் பழைய விளையாட்டரங்கின் மேற்பார்வையாளர். அறுபதை நெருங்கும் வயது. கேப்டன் வைதோதாஸின் நெஞ்சு உயரம்கூட இருக்கமாட்டாள்.

அவன் துடைப்பத்தோடு மறுபடி கீழே இறங்கினான். கீழ்த்தளத்தில் ஏழடி ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது. நிமிர்ந்தால் வெந்நீர்க் குழாய் மண்டையில் இடிக்கும்.

இதே அரங்கத்தில் கூடைப்பந்து ஆடி கிளப்புக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவன் அவன். தேசிய அணிக்கும் கேப்டன். முழங்கால் போனது, ஆட்டம் போனது, குடி வந்தது. ஒரு நாள் போதையில் கார் ஓட்டிப் போய், சைக்கிளில் வந்த ஒரு தபால்காரரை இடித்துத் தள்ளினான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

“தப்பு என்னுதுதான்” என்று நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டான். உரிமம் போனது. ஒரு வருஷம் சம்பளமில்லாமல் பொது வேலை என்று தீர்ப்பானது.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டான். ஆனால் நீதிமன்ற வாசலில் தலைகுனிந்து நின்ற அவன் படத்தை ஒரு பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது. அதை வெட்டி, பள்ளிக்கூடத்தில் அவன் மகள் உக்னேயின் மேஜையில் யாரோ ஒட்டிவிட்டார்கள். அன்றோடு அவள் பந்தைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். அப்பாவோடு பேச்சும் ஒற்றை வார்த்தையில்தான். போன மாதம்தான் மறுபடி பயிற்சிக்குப் போக ஆரம்பித்திருந்தாள்.

நல்லவேளை, அதற்கப்புறம் எந்தப் பத்திரிகைக்காரனும் அவனைத் தேடி வரவில்லை. ஊர் மறந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தான்.

இந்த அல்தோனாதான் மறக்க விடமாட்டேன் என்கிறாள்.

விடிந்ததும் பின்பக்கச் சரக்குக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். முன்வாசல் கூடாது. கேன்டீன் கூடாது. சாப்பாடும் கீழேயேதான்.

“எலியோட எலியா வச்சிருக்காளேப்பா உன்னை” என்றான் குழாய் வேலை பார்க்கும் ரோமாஸ், கறுப்பு ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே. “கிழவி எதிரணி ரசிகையா இருப்பாளோ? நீ என்னிக்கோ அவங்களைத் தோக்கடிச்சிருப்ப.”

“ஆடுகளத்துத் தரையையாவது துடைக்கக் கொடுங்கன்னு கேட்டேன். என் இடம் அது. அங்க குனிஞ்சு வேலை செஞ்சா எனக்கு அவமானமே இல்ல.”

“என்ன சொன்னா?”

“‘கீழ போ’ன்னா.”

“புகார் கொடு. கைதிக்கே சட்டம் இருக்கு. நீ கேப்டன்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு, தண்டனை வேலைகளைக் கண்காணிக்கும் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான். அதிகாரி நியாயமான மனுஷன். அடுத்த வாரமே அரங்கத்துக்கு வந்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தார்.

“ஏம்மா, இவரைக் கீழ்த்தளத்தை விட்டு வெளியவே விடறதில்லையாமே?”

“ஆமா.”

“முன்வாசல்ல வரக்கூடாதுன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“காரணம்?”

அல்தோனா வைதோதாஸை ஒரு பார்வை பார்த்தாள். “என் பொறுப்புல இருக்கற ஆளை எங்க போடணும்னு எனக்குத் தெரியும். வேற காரணம் ஒண்ணுமில்ல.”

“வேலை செய்யறதுதாம்மா தண்டனை. அவமானப்படுத்தறது தீர்ப்புல இல்ல.”

அரங்க நிர்வாகம் அவளைக் கண்டித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீச்சல் குளத்துக்கு மாற்றியது. வைதோதாஸுக்கு ஆடுகளம் கிடைத்தது.

போகும்போது சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு அல்தோனா அவன் பக்கம் திரும்பினாள்.

“மேல வேலை பாக்கப் போறேன்னு உன் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிரு.”

அவனுக்குச் சுருக்கென்றது. “என் பொண்ணை எதுக்கு மேடம் இழுக்கறீங்க?”

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிற போக்கிலும் ஒரு குத்தல் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை முதல்முறையாக முன்வாசல் வழியாக நுழைந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த புதுக் காவலாளி எழுந்து நின்று கை குலுக்கினான். ஆடுகளத்தில் யாருமில்லை. மரத்தரையில் ஈரத்துணியை ஓட்டியபோது, பல மாதங்களுக்குப் பிறகு முதுகு நிமிர்ந்தது. இன்றைக்கு உக்னேயிடம் தானே போய்ப் பேச வேண்டும் என்று தோன்றியது. மூன்று புள்ளிக் கோட்டருகே அழுக்கு திட்டாக ஒட்டியிருந்தது. மண்டியிட்டுத் தேய்த்தான்.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

நிமிர்ந்தான். மறுபடி பளிச். கேமராவோடு ஓர் இளைஞன் கோட்டருகே நின்றுகொண்டிருந்தான். நீதிமன்ற வாசலில் அந்தப் படத்தை எடுத்தவனேதான்.

“அப்படியே இருங்க கேப்டன், நாளைக்கு முதல் பக்கம் இதுதான்.”

வைதோதாஸின் கையிலிருந்து துணி நழுவியது. “உன்னை யாரு உள்ள விட்டது?”

“யாரும் தடுக்கலையே” என்றான் அவன், எடுத்த படத்தைச் சரிபார்த்துக்கொண்டே. “தீர்ப்பு வந்ததுலேருந்து வாரா வாரம் வர்றேன். நான் மட்டுமா, எல்லாப் பத்திரிகைக்காரனும்தான். ‘அவன் இங்க இல்ல, வேற ஊருக்கு மாத்திட்டாங்க’ன்னு ஒரு அம்மா வாசல்லயே மறிச்சு நின்னு சாதிச்சிடும். இன்னிக்குத்தான் அந்தம்மாவைக் காணோம்.”