தார் குடிக்காத தண்ணீர்

வாருங்கள், இந்த அநீதியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்! நைஜீரியத் தலைநகர் அபுஜாவின் உச்சிவெயிலில், கார்கள் நிறுத்தும் தார்த்தளத்தில் ஷெக்வோலோ நடந்து வருகிறாள். தலைநகர் எழுப்புவதற்காக அரசு அவளுடைய ஊரைப் பெயர்த்துத் தொலைவில் நட்டபோது, கணவனைப் புதைத்த குழி மட்டும் இங்கேயே, இந்தத் தாருக்கு அடியில் தங்கிவிட்டது. அவள் குலத்துப் பெண்கள் தலையில் பாரம் ஏற்றுவதில்லை. தண்ணீர் நிறைந்த சுரைக்குடுக்கை தோளில் இருக்கிறது. பழைய ஊரில் எஞ்சிய ஒற்றை மரத்திலிருந்து பன்னிரண்டு அடி எண்ணி நிற்கிறாள். மரத்தில் சிவப்புக் குறி. நாளை அதை வெட்டப்போகிறார்கள். “ஏம்மா, தலை சும்மாதானே இருக்கு? அதுல வெச்சா தோளு நோகாதுல்ல?” என்று காவலாளி சனுசி சிரிக்கிறான். “தலைதான் ராஜா, தம்பி. ராஜா மூட்டை தூக்குவாரா?” “சரி, ராஜாவக் கூட்டிக்கிட்டு நகருங்க. காரு வந்து நிக்கிற எடம்.” “நீ நிக்கிறது என் வீட்டுக்காரர் நெஞ்சு மேல.” சனுசி சட்டெனக் காலை எடுத்துக்கொள்கிறான். அவள் குடுக்கையைச் சரிக்கிறாள். தார் குடிக்கவில்லை. வெயிலில் மின்னியபடி தண்ணீர் அவள் பாதங்களுக்கே திரும்பி வருகிறது, இருட்டில் ஒரு கை தடவித் தேடுவது போல. “நாளைக்கு மரம் இல்லேன்னா, உங்கள எங்கேருந்து எண்ணுவேன்?” என்று அவள் தரையிடம் கேட்கிறாள். தரை பேசவில்லை.

தலைநகரில் வாழ்வோரே, நீங்கள் பேசுங்கள்! கோடரி வருமுன் வந்து அந்த மரத்தைச் சுற்றி நில்லுங்கள்!