மூன்றாவது கரிப்பொட்டு

பாறூக்கின் கம்பு நுனி ஐயாத்துரையின் இடுப்புச் சாரத்தில் கொளுவியது.

கொளுவிய கம்பைப் பாறூக் வெடுக்கென்று இழுத்தான். சண்டிக்கட்டாக மடித்துக் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்து காலடியில் வட்டமாக விழுந்தது.

புதுக்குடியிருப்பு வெளியில் சிலம்பப் போட்டி பார்க்கக் கூடியிருந்த அவ்வளவு சனத்துக்கும் முன்னால், உள்ளே போட்டிருந்த அரைக் களிசானோடு நின்றான் ஐயாத்துரை.

பெண்கள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி பத்மாசனிக்கு உயிர் போய் வந்தது.

அந்தக் களிசானைத் தைத்தவள் அவள்தான். வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணமாகக் கிடைத்த மா மூட்டையின் துணி. எத்தனை தரம் அவித்துத் தோய்த்தும் அதிலிருந்த ஆங்கில எழுத்துகள் போகவில்லை. உள்ளே போடுகிறதுதானே என்று விட்டுவிட்டாள். இப்போது ‘நிறை நூறு இறாத்தல்’ என்பதை, பின்னால் இருந்தவர்களில் பள்ளிக்கூடம் போன எவரும் வாசிக்கலாம்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பிறகு வெளி முழுவதும் சிரித்தது.

பத்மாசனி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போன வருசமும் இதே சிரிப்புத்தான். முதல் ஆட்டத்திலேயே ஐயாத்துரை சுழற்றிய கம்பு அவன் நெற்றியிலேயே வந்து பட்டது. அப்படியே சுருண்டு விழுந்து, எதிராளியின் கம்பு படாமலே இவன் தோற்றுப்போனான். அன்றைக்கு விழுந்த பட்டம் ‘நெத்தியான்’. யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்து காடு வெட்டி வயலாக்கிய இவன் போன்ற குடியேற்றக்காரருக்குக் கம்பு பிடிக்கவே தெரியாது என்ற கதை சந்தை வரைக்கும் போனது. அவள் சீனி வாங்கப் போனால்கூட, ‘நெத்தியான்ர பெண்சாதி வந்திருக்கிறா’ என்று மரியாதையாக வழிவிட்டார்கள். அந்த மரியாதைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வயலால் வந்ததும் சோற்றைக் கேட்கமாட்டான்; கம்பைத்தான் எடுப்பான். அவன் ஆடிய ஆட்டத்தில் வளவு முருங்கையில் இலை தங்கவில்லை.

அப்படி ஆடித்தான் இன்றைக்குக் கடைசி ஆட்டம் வரை வந்திருந்தான். எதிரே முல்லைத்தீவுப் பாறூக். அவனை வென்றவர் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கம்பு நுனிகளில் துணி சுற்றி, ஈரக் கரியில் தோய்த்திருந்தார்கள். எதிராளியின் இடுப்புக்கு மேலே முதலில் மூன்று கரிப்பொட்டு வைப்பவனுக்கு வெற்றி; சாரத்தில் பட்டால் கணக்கில்லை. இருவர் மேலிலும் ஏற்கெனவே இரண்டிரண்டு பொட்டு இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சாரம் விழுந்தது.

பத்மாசனி தலைப்பைச் சற்று விலக்கிப் பார்த்தாள். குனிந்து சாரத்தை எடுத்தால் முதுகில் பொட்டு விழும். ஒரு கையால் பொத்திக்கொண்டால், மற்றக் கையால் பாறூக்கின் அடியைத் தடுக்க ஏலாது. எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தாள். தோற்றாலும் பரவாயில்லை, எடுக்கட்டும் என்றும் நினைத்தாள்.

பாறூக்கும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவன் பார்வை ஒரு கணம் நிலத்தில் கிடந்த சாரத்துக்கு இறங்கியது. உதட்டில் சிரிப்பும் வந்தது.

ஐயாத்துரையின் கைகள் கம்பை விட்டு இறங்கவில்லை. கண்கள் பாறூக்கின் நெஞ்சை விட்டு விலகவில்லை. சாரத்தின் வட்டத்துக்குள்ளிருந்து ஒரே பாய்ச்சல் பாய்ந்தான்.

பாறூக்கின் நெஞ்சு நடுவில், வெள்ளைப் பெனியனில், மூன்றாவது பொட்டு விழுந்தது.

சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு எழுந்த ஆரவாரத்தில், ஒழுங்கையில் கட்டியிருந்த வண்டில் மாடுகள் கயிற்றை இழுத்தன.

பத்மாசனி எழும்பி நின்றாள். தலைப்பு தோளில் கிடந்தது. பக்கத்திலிருந்தவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ர மனிசன்,” என்றாள் பத்மாசனி.

விசுவமடு ஆட்கள் ஓடிப்போய் ஐயாத்துரையைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களுக்குச் சாரம் ஞாபகம் இல்லை. பாறூக்தான் அதை மண் தட்டி எடுத்து, கூட்டத்துக்குள் புகுந்து, தோளில் இருந்தவனின் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டான். திரும்பி வந்து, கேட்டவர்களிடம் சொன்னான்:

“மானம் போகுதெண்டாலும் கம்பை விடாத மனிசனை இண்டைக்குத்தான் கண்டன்.”

அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறிப் பெண்கள் பக்கம் வந்து சேர்ந்தபோது, பத்மாசனிக்குக் கண் கலங்கிவிட்டது. ‘நெத்தியான்’ என்றவர்களே அவளுக்கு நிழல் பார்த்து இடம் ஒதுக்கி, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். இந்த முறை மரியாதை இனித்தது.

வெயில் தாழ, வண்டில் விசுவமடுவுக்குத் திரும்பியது. பரிசாகக் கிடைத்த பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, வண்டில் ஓட்டிக்கொண்டிருந்த ஐயாத்துரையின் முதுகையே பார்த்தபடி வந்தாள். இத்தனை காலம் தான் சோறு போட்டுக் கொடுத்த மனிசனுக்குள் இப்படி ஒரு நெஞ்சுரம் இருந்திருக்கிறது. தனக்கு அது தெரியாமல் போனதே என்று வெட்கப்பட்டாள். எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடினாள்.

அவன்தான் முதலில் பேசினான்.

“பாறூக் பாவம்.”

“ஏன்?”

“நல்ல மனிசன். எங்கட ஆக்கள் என்னைத் தூக்கேக்கை சாரம் கழண்டு போச்சுப் போலை. ஆரும் காண முந்தி அந்தாள்தான் ஓடிவந்து கட்டிவிட்டது.” மாட்டை மெல்லத் தட்டினான். “அப்பிடிப்பட்ட ஆளைப் பாத்து, கடைசி அடிக்கு முந்திச் சனம் அவ்வளவு சிரிப்புச் சிரிச்சிருக்கக் கூடாது.”

பத்மாசனி எட்டி அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் பகிடி ஒன்றும் இல்லை. உண்மையான கவலைதான் இருந்தது.

அவள் குடத்தை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

“ஓம்,” என்றாள். “சிரிச்சிருக்கக் கூடாதுதான்.”