பதினோரு வயது இயந்திரம்

லூசியன் டேகிள் தன் வெந்நீர் இயந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றி, பாதிரியார் அப்பத்தை உயர்த்துவதுபோல இரு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

ஒரு தூசி இல்லை.

நிலவறையில் பதினான்கு பேர் நின்றிருந்தோம். பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் டோனட் தின்றார்கள்.

மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியின் அடி வண்டலைத் திறந்துவிட வேண்டும். துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காக்கிற கம்பி ஒன்று உள்ளே இருக்கிறது. கரைந்துபோவதற்குள் அதை மாற்ற வேண்டும். செய்தால் பதினைந்து ஆண்டு உழைக்கும்.

அவர் இதைச் சொல்லாத இடம் எங்கள் ஊரில் இல்லை. ஏரிப் பனியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருப்பவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். அவர்களால் தூண்டிலை விட்டுவிட்டு ஓட முடியாது.

அவர் ஊர் எரிசக்திக் குழுவின் தலைவர். நான் செயலாளர். அதாவது, டோனட் வாங்கி வருபவள்.

திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். முதியோர் குடியிருப்பில் எண்ணெய்க் கொதிகலனை எடுத்துவிட்டு, காற்றிலிருந்து சூட்டை இழுத்து வெந்நீர் போடும் இந்த இயந்திரத்தை வைப்பதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. மூன்று ஆண்டாக அவர் அலைந்தது இதற்காகத்தான். இது நீடித்து உழைக்குமா என்பதே ஊரின் ஒரே கேள்வி. பதிலுக்குத் தன் வீட்டு இயந்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தார். வயது பதினொன்று.

மெய்ன் மாநிலத்தின் வடக்கு மூலையில் மார்ச் மாதத்துக்குச் சேறு என்று இன்னொரு பெயர் உண்டு. அதனால் எங்களை வீட்டுக்குள் விடாமல், பின்புறத்துச் சாய்கதவைத் திறந்து நேரே நிலவறையில் இறக்கினார். மனைவி கோரின் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கனடாவில், அக்கா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். அவள் போட்டிருந்தால் காபி வாயில் வைக்கும்படி இருந்திருக்கும்.

ஒலிபெருக்கி கொடுத்தாலும் வேண்டாம் என்று தொண்டையாலேயே முழங்குகிற மனிதர், அன்று தணிந்த குரலில் பேசினார். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மெர்ல் பெல்கி கொதிகலன்களுக்கு எண்ணெய் கொண்டுபோகும் லாரி ஓட்டுபவன். என்னோடு பள்ளியில் படித்தவன். டோனட்டை முடித்துவிட்டு முன்னால் வந்து, குளிர்காற்று வெளியேற வேண்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“என்ன தலைவரே, உங்க குதிரை மூச்சே விடக் காணோமே. செத்துகித்துப் போச்சா?”

சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இந்த இயந்திரம் ஓடினால் மேலே வீட்டுத் தரைப்பலகை அதிர உறுமும். இது சும்மா நின்றது.

ஒருவர் குழாயைத் திறந்தார். வெந்நீர் வந்தது. அது உள்ளே இருக்கிற, சூடேற்றும் மின்கம்பி காய்ச்சிய தண்ணீர் என்றான் மெர்ல். காற்றிலிருந்து சூட்டை இழுக்கிற பம்பு செத்துவிட்டால் இயந்திரம் சத்தமில்லாமல் மின்கம்பிக்கு மாறிக்கொள்ளும், தண்ணீர் சுடுகிறவரைக்கும் எந்தப் புத்திசாலிக்கும் தெரியாது என்று விளக்கினான். எங்கள் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம் அது.

சந்தேகம் தீர ஒரு வழி இருந்தது. முகப்பில் ஒரு பொத்தான். அழுத்தினால் பம்பு ஓட வேண்டும். குழுவின் கையேட்டில் நான்காம் பக்கம்.

மெர்ல் விரலை நீட்டினான்.

லூசியன் குறுக்கே வந்து, முதுகால் பொத்தானை மறைத்துக்கொண்டு நின்றார்.

“தொடாத, மெர்ல். அது செத்துத்தான் போச்சு.”

மெர்ல்கூட அதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். மற்றவர்கள் எங்கள் ஊர் மரியாதைப்படி இரண்டு நிமிடம் பனி உருகுவதைப் பற்றிப் பேசிவிட்டு ஒவ்வொருவராக ஏறிப் போனார்கள். லூசியன் வடிகட்டியை மாட்டிவிட்டு உள்படிக்கட்டில் மேலே போய்விட்டார்.

எனக்குக் கோபம். மூன்று ஆண்டு. கையேட்டைத் தட்டச்சு செய்தவள் நான்.

டோனட் வைத்திருந்த மேசையைத் துடைக்கும்போது இயந்திரத்தின் முகப்பைப் பார்த்தேன். பழுது விளக்கு எரியவில்லை. திரையில் ‘மின்கம்பி மட்டும்’ என்று இருந்தது. பழுதாகித் தானாக மாறியதல்ல. அப்படிக் கையால்தான் வைக்க முடியும்.

இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காபிக் குடுவையையும் குழுவின் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஏறினேன்.

சாப்பாட்டு அறை. மேசையைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். அது இருந்த இடத்தில், இயந்திரத்துக்கு நேர் மேலே, மருத்துவமனைக் கட்டில். அதில் கோரின். கைப்பிடி அளவுக்கு ஆகியிருந்தாள். தூங்கிக்கொண்டிருந்தாள்.

லூசியன் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

மூடி போட்ட பாத்திரத்தில் சாப்பாட்டோடு யாரும் வாசலில் வந்து நின்று பரிதாபப்படக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாளாம். இன்றைய நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கக் கூடாது என்பதும் அவள் உத்தரவாம். திங்கட்கிழமைவரை தாங்குவது கடினம் என்று செவிலி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எல்லாவற்றையும் காதோடு சொன்னார்.

“மூணு ராத்திரியா வலி. நீங்கல்லாம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கண்ணை மூடினா.”

குடுவையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் அன்றே குறிப்பு எழுதிவிட வேண்டும். அந்த விதியைக் கொண்டுவந்தவரே அவர்தான். எழுதச் சொன்னார்: பதினோராம் ஆண்டில் இயந்திரம் பழுது.

காரணம் என்கிற கட்டத்தில் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் போர்வையின் நுனியை அவள் பாதத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“நான் சரியாப் பாத்துக்கலைன்னு எழுது, வெர்னா.”