வெள்ளைப் பொட்டலம்

வாசல் கிரில்லைப் பூட்டி, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்ட பிறகுதான் ஜெயலெட்சுமி கைப்பையிலிருந்து அந்த வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தாள். சுவரில் மாலையோடு தொங்கிய கணவர் நல்லமுத்துவின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவர் போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது.

"இனிமே என்னை யாருங்க தடுக்கப் போறா?" என்றாள் படத்திடம்.

நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே நாலு துண்டு பால்கோவா.

அதைத் தொடவே கூடாதென்பது டாக்டரின் கண்டிப்பு. இரண்டரை வருஷத்துக்கு முன்பு, நூற்றுப் பதினெட்டு கிலோ உடம்போடு மாடிப்படி ஏற முடியாமல் தவித்தவளை, நல்லமுத்துதான் கோலாலம்பூருக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்ய வைத்தார். இரைப்பையைக் கோழிமுட்டை அளவுக்குச் சுருக்கித் தைத்திருந்தார்கள்.

"சீனி சாப்பிட்டா நேரா குடலுக்கு இறங்கிடும்மா. நெஞ்சு படபடன்னு அடிக்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும். வீட்டுல தனியா இருக்கறப்ப விழுந்தீங்கன்னா யாரு பார்ப்பா?" என்று கேட்டிருந்தார் டாக்டர்.

அன்றோடு வீட்டில் சீனி டப்பா ஒழிந்தது. அவள் தேத்தண்ணியில் குட்டியாக ஒரு இனிப்பு மாத்திரையைப் போட்டு, நல்லமுத்து தன் கையாலேயே கலக்கிக் கொடுப்பார். ஆறே மாதத்தில் நாற்பது கிலோ குறைந்தது. ஆசை மட்டும் குறையவில்லை.

ஒருநாள் அவருக்குத் தெரியாமல் மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் போய், பிச்சைமுத்துவின் மிட்டாய்க் கடையில் ஒரு துண்டு பால்கோவா கேட்டாள். பிச்சைமுத்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். "இது பழசுக்கா, வேணாம். நாளைக்கு வாங்க, புதுசா கிண்டித் தரேன்" என்றார்.

மறுநாள் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தெருமுனையில் நின்று அதைத் தின்றாள். நெஞ்சில் கைவைத்தபடி காத்திருந்தாள். ஒன்றுமே ஆகவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு துண்டு. டாக்டர் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று முடிவுகட்டினாள். வீட்டுக்கு வந்ததும் வாயைக் கொப்பளித்துக்கொண்டு நல்லமுத்துவின் முன்னால் போய் நிற்கும்போது மட்டும் உள்ளே உறுத்தும். பாவம், மனுஷன் ஒன்றும் தெரியாமல் மாத்திரை கலக்கிக்கொண்டிருக்கிறாரே என்று தோன்றும்.

இன்றைக்கு ஒரு துண்டு போதவில்லை. துக்கம் அப்படி. "ஒன்னு போதும்க்கா" என்று பிச்சைமுத்து தயங்கியும் கேட்காமல் நாலு துண்டு கட்டச் சொல்லி வாங்கி வந்திருந்தாள்.

முதல் துண்டை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். ருசி என்றைக்கும் இல்லாமல் தூக்கலாக இருந்தது. நாலையும் தின்று, காகிதத்தையும் வழித்தாள்.

கால் மணி நேரம் போயிருக்கும். காது இரண்டும் அடைத்துக்கொண்டன. நெஞ்சு தறிகெட்டு அடித்தது. புடவை நனையும் அளவுக்கு வேர்த்தது. எழுந்தாள், கால் நிற்கவில்லை. மேசையைப் பிடிக்கப் போய், மேசைவிரிப்போடு தரையில் விழுந்தாள்.

பக்கத்து வீட்டு ஷரீஃபா சத்தம் கேட்டு ஓடி வந்தாள். கிரில் பூட்டிக் கிடந்தது.

"அக்கா! என்னக்கா ஆச்சு? சாவியத் தூக்கிப் போடுங்க லா!"

சாவி எட்டடி தூரத்தில் ஆணியில் தொங்கியது. ஜெயலெட்சுமிக்கு அது இரண்டாகத் தெரிந்தது, பிறகு மூன்றாக. அவர் கூப்பிடுகிறார், அவ்வளவுதான் என்று நினைத்தாள். பிறகு எதுவும் நினைவில்லை. ஷரீஃபாவின் வீட்டுக்காரர் அப்துல் அஜீஸ் பூட்டை உடைத்து அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. விழுந்ததில் நெற்றியில் ஆறு தையல்.

பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த இரண்டு நாளும் ஒரே கேள்விதான் குடைந்தது. இரண்டு வருஷமாகச் செய்யாததை நாலு துண்டு எப்படிச் செய்தது? அந்த ஆள் எதையோ கலந்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஷரீஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றிக் கட்டோடு கடைக்குப் போய் நின்றாள்.

"என்னத்தைக் கலந்தே பிச்சைமுத்து? நான் செத்திருப்பேன்! போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணட்டுமா?"

பிச்சைமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது. "சாமி சத்தியமா ஒன்னும் கலக்கலக்கா. பாலு, ஏலக்காய், சீனி. அவ்ளோதான்."

"பொய் சொல்லாதே! ரெண்டு வருஷமா இதே சீனியைத்தானே திங்கிறேன்? ஒரு நாளாச்சும் இப்படி ஆச்சா?"

பிச்சைமுத்து தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கண் ஈரமாகவே இருந்தது.

"உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு நல்லமுத்து அண்ணன் தண்ணீர்மலை முருகன் மேல சத்தியம் வாங்கியிருந்தாருக்கா."

"அவரா? என்ன சத்தியம்?"

"நீங்க மொத மொதல்ல வந்து கேட்ட அன்னிக்கே அவருகிட்ட சொல்லிட்டேன். மாசா மாசம் இனிப்பு மாத்திரை வாங்கியாந்து குடுத்து, உங்களுக்கு மட்டும் அதைப் போட்டுத் தனியாக் கிண்டச் சொல்லுவாரு. அவரு போனதும் அது தீந்துபோச்சு. துக்கத்தோட வந்து நிக்கிறீங்க, இல்லேன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

ஜெயலெட்சுமி ஷரீஃபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குத்தான்க்கா மொத தடவையா சீனி போட்டேன்."