மூன்று வரை பெறலாம்

புதிதாகக் கல்யாணமான யூதோங்கின் வீட்டுக்குக் குய்ஃபென் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கையில் பால்மாவு டின், மறு கையில் காய்ந்த இலந்தைப்பழமும் வேர்க்கடலையும் நிறைந்த சிவப்புப் பை. துணைக்குச் சூச்சினையும் அழைத்து வந்திருந்தாள்.

குய்ஃபென் இருக்கும் அரசாங்கத் தெருக்குழுவின் வேலை இப்படித்தான் நடக்கும். கல்யாணமாகிச் சில மாதங்களானதும் ஃபோனில், ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்பார்கள். இல்லையென்றால் நேரில் வருவார்கள். அப்படியும் மசியாவிட்டால், தட்டிப் பேச முடியாத உறவுக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்து எதிரே உட்கார வைப்பார்கள். யூதோங்குக்கு அந்த உறவு, அப்பா வழியில் ‘அத்தை’ என்று அவள் கூப்பிடும் சூச்சின்.

இந்த வருடம் தெருவில் ஒரு தொட்டிலும் ஆடவில்லை. மூலையிலிருந்த பாலர் பள்ளி முதியோர் இல்லமாகிவிட்டது. யூதோங்காவது சம்மதித்தால்தான் குய்ஃபென் மேலிடத்தில் தலைநிமிர முடியும்.

“உன் அத்தையைப் பாரு. அந்தக் காலத்துல ஒண்ணு போதும்னு அரசாங்கம் சொல்லுச்சு, ஒரே பையனோட நிறுத்திட்டாங்க. முன்மாதிரித் தாய்னு சிவப்புச் சான்றிதழ் கொடுத்தது இந்தக் கைதான். இப்ப மூணு பெத்துக்கன்னு சொல்லுது. நீ கேக்க வேண்டாமா?”

“பிரசவ லீவு முடிஞ்சு போனா, என் நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்திருப்பா, மேடம்.”

“குழந்தைக்கு வருஷா வருஷம் பணம் தர்றாங்களே!”

“நீங்க கொண்டுவந்த டின்னைத் திருப்பி விலையைப் பாருங்க. அந்தப் பணம் பாலுக்கே பத்தாது.”

குய்ஃபென் சிரித்துச் சமாளித்தாள். முன்பெல்லாம் இப்படிக் கெஞ்ச வேண்டியிருந்ததில்லை. பெண்களை வரிசையில் நிறுத்தி, கருப்பைக்குள் போட்ட இரும்பு வளையம் இடத்தில் இருக்கிறதா என்று அவ்வப்போது எக்ஸ்ரே பார்ப்பார்கள். எவளும் தானாக உருவிவிடக் கூடாது என்றுதான் அந்த வளையத்துக்கு நூல் வைக்கவில்லை. அதையும் மீறி வயிறு தள்ளியவர்களை அவள் டிராக்டரில் ஏற்றி, கருவைக் கலைக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நிறைமாதம் என்று அழுதாலும் விட்டதில்லை. அன்றும் உத்தரவு, இன்றும் உத்தரவு.

“வலிக்குப் பயப்படுறியா, பொண்ணே?”

அதுவரை தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த சூச்சின் மெல்ல வாய் திறந்தாள். “முதல் பிரசவம்தான் கஷ்டம். உயிரை எடுத்துடும். ரெண்டாவது அப்படியில்ல. வாயில துணியை வச்சுக் கடிச்சுக்கிட்டா, சத்தமே வெளிய வராது.”

“கேட்டுக்க! பெரியவங்க சொல்றாங்க,” என்று குய்ஃபென் பையைப் பிரித்து இலந்தைப்பழத்தை நீட்டினாள்.

யூதோங் அதை வாங்கவில்லை. சூச்சினின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும், மேடம். அதுக்குப் பதில் சொன்னா யோசிக்கிறேன்.”

“கேளு, கேளு. அதுக்குத்தானே வந்திருக்கேன்.”

“எனக்கு ரெண்டாவதா ஒண்ணு பொறந்தா, நாலு பேருக்கு முன்னாடி அது என்னை என்னன்னு கூப்பிடும்?”

குய்ஃபென் வாய்விட்டுச் சிரித்தாள். “இது என்னடி கேள்வி! அம்மான்னுதான் கூப்பிடும். தெருவே அதிர்ற மாதிரி கூப்பிடட்டும். இப்ப யாரு வந்து பிடிச்சுட்டுப் போகப் போறா?”

சூச்சினின் கையிலிருந்த கோப்பை சரிந்து, தேநீர் மடியெல்லாம் வழிந்தது. யூதோங் எழுந்துபோய் அவள் காலடியில் உட்கார்ந்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டுச்சா, அம்மா? இனிமே கூப்பிடலாமாம்.”